சிறு ஆன்லைன் கடைக்கு எந்தப் பார்சல் கணக்கு?

மாதம் பத்து இருபது பார்சல் போகும் வரை யாருக்கும் கணக்கு தேவையில்லை. அஞ்சலகக் கவுன்டரிலோ தெருமுனை கூரியர் கிளையிலோ நின்று, யுபிஐயில் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். 50 பார்சலைத் தாண்டும்போது சிக்கல் தொடங்குகிறது. வரிசையில் நிற்கும் நேரம், கையால் முகவரி எழுதும் நேரம், "என் பார்சல் எங்கே" என்று வாட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் நேரம் எல்லாம் சேர்ந்து, தபால் செலவைவிடப் பெரிய செலவாகிவிடும். கணக்கு எடுக்க அதுதான் சரியான நேரம்.

அப்போது பலர் செய்யும் தவறு, விலைப்பட்டியலைப் பார்த்துக் கணக்கு எடுப்பது. "26 ரூபாயிலிருந்து" என்பது போன்ற விளம்பர விலை பெரும்பாலும் அரை கிலோவுக்குள், ஒரே ஊருக்குள், மாதக் கட்டணம் உள்ள உயர்ந்த திட்டத்தில், ஜிஎஸ்டி சேர்க்காமல் சொல்லப்படுவது. உங்கள் பார்சலில் எத்தனை அந்த நாலு நிபந்தனைக்குள்ளும் வரும்? அதைச் சொல்லக்கூடியது உங்கள் பட்டியல் மட்டும்தான். ஆகவே முதல் வேலை விலை விசாரிப்பது ஆகாது, எடை போடுவதுதான்.

எடை, அளவு, பின்கோடு

5 கிராம் துல்லியமுள்ள மின் தராசும் ஒரு டேப்பும் போதும். கடைசியாக அனுப்பிய 50 முதல் 60 பார்சல்களை ஒரு எக்செல் தாளில் எழுதுங்கள்: பின்கோடு, பேக் செய்த பின் எடை, நீளம், அகலம், உயரம், பொருளின் விலை, முன்பணமா சிஓடியா (பார்சலை வாங்கும்போது பணம் கட்டுவது), எத்தனை நாளில் சேர்ந்தது, திரும்பி வந்ததா. எடை குறித்து வைக்காதவர்கள் அடுத்த இரண்டு வாரத்துக்குக் குறித்துவிட்டுப் பிறகு கணக்கைத் தேடட்டும். அந்த இரண்டு வாரத்தால் கடை மூழ்கிவிடாது.

நீள, அகல, உயரம் எதற்கு? கூரியர்கள் உண்மை எடையையும் கன அளவு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கட்டணம் போடுகின்றன. மூன்று அளவையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000-ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் வரும். வகுக்கும் எண் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒன்றே என்று நினைக்க வேண்டாம். 4500 என்று இருந்தால் அதே பெட்டி அங்கே 11 சதவீதம் கூடுதல் எடை காட்டும்.

650 கிராம் சேலை ஒன்றை 30×25×10 அட்டைப்பெட்டியில் வைத்தால் 7500-ஐ 5000-ஆல் வகுத்து 1.5 கிலோ. அதையே தட்டையாக மடித்து 35×28×4 பாலித்தீன் கவரில் போட்டால் 784 கிராம். ஒரு கிலோ படிக்குள், அதாவது கட்டணம் மாறும் எடை வரம்புக்குள், அடங்கிவிடும். பெட்டியைத் திணித்து மேல்பக்கம் 2 செ.மீ. உப்பினால் 30×25×12, அதாவது 1.8 கிலோ, பில் 2 கிலோவுக்கு வரும். அளக்கும் இயந்திரம் உப்பிய இடத்தின் உச்சியைத்தான் உயரமாக எடுத்துக்கொள்ளும். கொலு பொம்மை விற்பவர்களுக்கு இது இன்னும் கடுமை: 2.5 கிலோ செட் ஒன்று, உடையாமலிருக்க வைக்கோலும் பபிள் ஷீட்டும் சுற்றி 40×30×30 பெட்டிக்குள் போனால் 7.2 கிலோ. உங்கள் சரக்கு இந்த வகை என்றால், எந்த நிறுவனம் என்பதைவிட எந்த எண்ணால் வகுக்கிறார்கள், தரைவழிக்குத் தனி விலை உண்டா என்பதே முக்கியம்.

எடைப் படியையும் கவனியுங்கள். அரை கிலோ படியில் 505 கிராம் பார்சல் ஒரு கிலோ விலைக்குப் போய்விடும். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். பில், நன்றிக் கடிதம், விசிட்டிங் கார்டு, கூடுதல் கவர் என்று சேர்ந்து 495 கிராம் பொருளைத் தாண்டவைப்பதைப் பட்டியல் காட்டிக்கொடுக்கும்.

பின்கோடு பத்தியில் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 6-ல் தொடங்குவது தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. உங்கள் பார்சலில் முக்கால்வாசி 6-ல் தொடங்கினால் மாநிலத்துக்குள் வலுவான கூரியர் போதும். டெல்லி விலை 10 ரூபாய் குறைவு என்பதற்காக ஒரு கணக்கைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. 9-ல் தொடங்குபவை ராணுவ அஞ்சல் எண்கள். 56 ஏபிஓ, 99 ஏபிஓ முகவரிகளுக்கு இந்திய அஞ்சல் வழியாகத்தான் பார்சல் சேரும். வேலூர்ப் பக்கம் போல, வீட்டுக்கு ஒருவர் படையில் இருக்கும் ஊர்களில் வாடிக்கையாளர் உள்ள கடை இதை மறந்தால் பார்சல் திரும்பி வரும்.

மூன்று வகைக் கணக்குகள்

தமிழ்நாட்டுச் சிறு கடைக்கு நடைமுறையில் கிடைப்பவை மூன்று: இந்திய அஞ்சல் துறையின் மொத்த வாடிக்கையாளர் கணக்கு, எஸ்டி கூரியர், புரொபஷனல், டிடிடிசி போன்றவற்றின் உள்ளூர்க் கிளையில் வைக்கும் கணக்கு, ஷிப்ராக்கெட், நிம்பஸ்போஸ்ட் போல ஒரே திரையில் பல கூரியர்களைக் காட்டும் இடைத்தளக் கணக்கு. டெல்லிவரி, புளூடார்ட் போன்ற பெரிய நிறுவனங்களோடு நேரடி ஒப்பந்தமும் உண்டு. ஆனால் நல்ல விலை கிடைக்கத் தினசரி எண்ணிக்கை வேண்டும். அது வரும் வரை இடைத்தளம் வழியாகவே அவர்களைப் பயன்படுத்தலாம்.

அஞ்சல் துறையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இங்கேதான் பழைய தகவல் அதிகம் சுற்றுகிறது. 2025-இலிருந்து பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லை. ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. உரியவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றால் ஸ்பீடு போஸ்ட்டின் மேல் 5 ரூபாய் கட்டிப் பதிவு வசதியைச் சேர்க்கலாம். ஓடிபி சொன்னால்தான் பட்டுவாடா என்ற வசதிக்கும் 5 ரூபாய், இரண்டுக்கும் ஜிஎஸ்டி தனி. வெள்ளி நகை, கைக்கடிகாரம் போன்றவற்றுக்கு அந்த ஓடிபியின் 5 ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள்.

2025 அக்டோபர் 1 முதல் வந்த புதிய ஸ்பீடு போஸ்ட் கட்டணத்தில் 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய் என்று பார்த்திருப்பீர்கள். அது ஆவண வகுப்புக்கானது. பார்சலுக்குத் தனி அட்டவணை. ஆவண விலையை இணையதளத்தின் டெலிவரி கட்டணமாகப் போட்டுவிட்டு, கவுன்டரில் பார்சல் விலை கேட்டு முழிப்பவர்கள் உண்டு. உங்கள் பொருள் எந்த வகுப்பில் போகும் என்பதைப் பொருளையே எடுத்துப்போய்க் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

புத்தகக் கடைக்கு மட்டும் வேறு வழி உண்டு. 2025 மே 1-இல் தொடங்கிய ஞான் போஸ்ட்டில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழி, டிராக்கிங் உண்டு. கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த புத்தகங்களுக்கானது இது. அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். விளம்பர வெளியீடுகள் செல்லாது. புத்தகத்தோடு புக்மார்க் பொட்டலமும் டி-ஷர்ட்டும் போட்டால் சலுகை போய்விடும்.

மொத்த வாடிக்கையாளர் கணக்கு கேட்க, பக்கத்துத் துணை அஞ்சலகத்தில் நின்று பயனில்லை. தலைமை அஞ்சலகத்துக்கோ கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கோ போய், பிசினஸ் பிரிவைக் கவனிக்கும் அலுவலரைக் கேளுங்கள். "இப்போது புக் செய், பிறகு கட்டு" என்ற மாதாந்திரக் கடன் முறையும், முன்பணம் கட்டி வைத்து அதிலிருந்து கழிக்கும் முறையும் உண்டு. கடன் முறைக்குப் பிணைத்தொகை பற்றிய பேச்சு வரும். மாத பில் சிறியதாக இருக்கும்போது அந்தப் பணத்தை முடக்குவது வீண். முன்பண முறையில் தொடங்குங்கள். புதிதாகச் சேரும் மொத்த வாடிக்கையாளர்களுக்கு ஸ்பீடு போஸ்ட்டில் 5 சதவீதத் தள்ளுபடி அறிவிக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பம் கொடுக்கும்போதே கேட்டுப் பதியச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து எடுப்பார்களா, எத்தனை பார்சலிலிருந்து, எத்தனை மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு திங்களில் கூட்டம் எப்படி: இந்த நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள்.

கணக்கு கிடைத்ததும் பார்கோடு எண் வரிசை ஒன்றை ஒதுக்குவார்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் ஐஎன். அந்த ஒன்பதில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முன் எட்டிலிருந்து கணக்கிட்டு வருவது. எக்செலில் முதல் எண்ணைப் போட்டுக் கீழே இழுத்தால் ஒவ்வொன்றாகக் கூடி வரிசை அழகாக வரும், ஆனால் பெரும்பாலான எண்கள் செல்லாதவையாக இருக்கும். முழுக் கோப்பும் நிராகரிக்கப்படும். கொடுத்த ஸ்டிக்கர்களை ஸ்கேன் செய்தே எண்ணை ஏற்றுங்கள். அதே கோப்பில் கைபேசி எண் பத்தியை 'டெக்ஸ்ட்' வடிவத்தில் வையுங்கள். இல்லையென்றால் குறுகலான பத்தியில் எண் 9.8E+09 என்று சுருங்கி, சேமிக்கும்போது அப்படியே போய்விடும். எண் தவறினால் ஓடிபியும் போகாது.

இழப்பீட்டைப் பற்றி மயக்கம் வேண்டாம். ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. 90 ரூபாய் கட்டி அனுப்பிய 4,000 ரூபாய்ச் சேலைக்கு 180 ரூபாய்தான் வரும். விலை உயர்ந்ததைக் காப்பீட்டோடு அனுப்புங்கள். 1 லட்சம் ரூபாய் வரை எடுக்கலாம். தனியார் கணக்குகளிலும் ஒப்பந்தத்தின் அடியில் ஓர் உச்சவரம்பு இருக்கும். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உள்ளூர்க் கூரியர் கிளைக் கணக்கின் பலம் மனிதர்தான். கிளை நடத்துபவர் உங்களுக்குத் தெரிந்தவர். மாலை 7 மணிக்கு வந்து எடுத்துக்கொள்வார். தமிழ்நாட்டுக்குள் பெரும்பாலும் மறுநாள் சேர்ந்துவிடும். பலவீனமும் அதே இடத்தில்: விலை வாய்மொழியாக இருக்கும், ஆள் மாறினால் விலையும் மாறும். பேசிய விலையை ஒரு தாளில் எழுதி முத்திரை வாங்குங்கள்: மாநிலத்துக்குள், தென்மாநிலங்கள், மற்றவை என்று மூன்று வரி போதும். மாதக் கடன் என்றால் தினமும் ஸ்லிப் எண்களை உங்கள் பட்டியலில் ஏற்றுங்கள். மாதக்கடைசியில் 140 ஸ்லிப்பை ஒரே நாளில் சரிபார்க்க முடியாது. முடியாதபோது பில்லை அப்படியே கட்டிவிடுவீர்கள். ஜிஎஸ்டி பில் தருகிறார்களா என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

கிராமப் பட்டுவாடாவில் சில தனியார் கூரியர்கள் தாலுகா ஊரோடு நின்று, "ஆபீசுக்கு வந்து வாங்கிக்கங்க" என்று போன் செய்வது வழக்கம். கிளை அஞ்சலகம் வரை போகும் வலை அஞ்சல் துறையிடம்தான் இருக்கிறது. ஆகவே பட்டியலில் கிராமப் பின்கோடு ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே, எந்தத் தனியார் கணக்கு எடுத்தாலும் அஞ்சல் கணக்கு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடைத்தளமும் சிஓடி கணக்கும்

இடைத்தளத்தில் கணக்குத் திறக்க அரைமணி நேரம் போதும்: பான், ஆதார் அல்லது ஜிஎஸ்டி எண், ரத்து செய்த காசோலை, எடுக்கும் இடத்தின் முகவரி. பணத்தை வாலட்டில் (தளத்தில் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் இருப்பு) போட்டு, ஆர்டரை ஏற்றி, கூரியரைத் தேர்ந்தெடுத்து லேபிள் அச்சிட வேண்டியதுதான். சிக்கல் வருவது பிறகு.

மாதக் கட்டணத் திட்டத்தை எடுக்கும் முன் ஒரு வகுத்தல். மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்தில் பார்சலுக்கு 6 ரூபாய் குறைகிறது என்றால் 167 பார்சல் போனால்தான் முதல் சரியாகும். அதற்குக் கீழே இலவசத் திட்டமே லாபம்.

சேவை உண்டா என்று பின்கோடைச் சோதிக்கும்போது மூன்று கேள்வி தனித்தனி: அங்கே பட்டுவாடா உண்டா, அங்கே சிஓடி உண்டா, உங்கள் பின்கோடில் பிக்கப் உண்டா. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. சென்னிமலையிலோ நெகமத்திலோ தறியோடு சேர்ந்த கடை என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சிஓடி இல்லாமல் பல கடைகளுக்கு விற்பனை நடக்காது, சரி. ஆனால் அதன் உண்மை விலையைப் போட்டுப் பாருங்கள். 100 சிஓடி ஆர்டர், போகும் கட்டணம் 70, சிஓடி கட்டணம் 40, திரும்பி வரும் கட்டணம் 70, 18 பார்சல் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். போக 7,000, சேர்ந்த 82-க்கு சிஓடி 3,280, திரும்பியதற்கு 1,260. மொத்தம் 11,540. சேர்ந்த பார்சல் ஒன்றுக்கு 141 ரூபாய், ஜிஎஸ்டியும் கசங்கிய பேக்கிங்கும் தனி. 70 ரூபாய் என்று நினைத்துப் போட்ட டெலிவரி கட்டணம் பாதிதான். இதனால்தான் கணக்குகளை ஒப்பிடும்போது "அனுப்பிய பார்சலுக்கு எவ்வளவு" என்று கேட்காமல் "சேர்ந்த பார்சலுக்கு எவ்வளவு" என்று கேட்க வேண்டும். 5 ரூபாய் அதிகம் வாங்கினாலும் இரண்டாம் முறை வீடு தேடிப் போகும் கூரியர் இங்கே முந்திவிடும்.

சிஓடி பற்றிக் கேட்க வேண்டியவை:
- கட்டணம் நிலையான தொகையா, சதவீதமா, இரண்டில் எது அதிகமோ அதுவா?
- பார்சல் திரும்பினால் சிஓடி கட்டணம் வாலட்டுக்குத் திரும்புமா?
- திரும்பி வர, போன கட்டணமேவா, குறைவா?
- பணம் பட்டுவாடா ஆன எத்தனையாவது நாள், வாரத்தில் எந்தக் கிழமை வங்கிக்கு வரும்?

கடைசிக் கேள்வியில் முதலீடே அடங்கியிருக்கிறது. சேர 5 நாள், அதன்பின் 8 நாள் என்றால் இன்று அனுப்பிய சேலையின் பணம் 13 நாள் கழித்து வரும். வாலட்டிலும் முன்பணம். தீபாவளிக்கு முன் இரண்டு வாரம் சரக்கு எடுக்கக் கையில் பணம் இருக்காது.

எடைத் தகராறு அடுத்த தலைவலி. நீங்கள் அரை கிலோ என்று போட்டது கூரியர் கிடங்கில் 1 கிலோவாக அளக்கப்பட்டு, வித்தியாசம் வாலட்டிலிருந்து கழிந்துவிடும். எதிர்க்க நாள் கெடு உண்டு. வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு அளவுப் பெட்டிக்கும் நான்கு படம் எடுத்து வையுங்கள்: தராசின் மேல் எடை தெரிய ஒன்று, டேப்பை வைத்து மூன்று பக்கமும் ஒவ்வொன்று, எல்லாவற்றிலும் லேபிள் தெரிய வேண்டும். பெட்டி அளவுகளை மூன்று நான்காகக் குறைத்துக்கொண்டால் இந்த வேலையும் குறையும்.

லேபிளுக்குத் தெர்மல் பிரின்டர், 100×150 மி.மீ. ரோல். மாதம் 100-க்குக் கீழே என்றால் ஏ4 தாளில் நான்காக அச்சிட்டு வெட்டினாலே போதும். பார்கோடின் மேல் பளபளக்கும் டேப் ஒட்டாதீர்கள். ஒளி தெறித்து ஸ்கேன் ஆகாது, கையால் எண் அடிக்கும்போது தப்பு நேரும். பெட்டியின் மூலையில் மடித்து ஒட்டுவதும் அதே கதை.

எடுக்க வருபவரிடம், ஒப்படைக்கும் பார்சல்களின் பட்டியலான மேனிஃபெஸ்ட் தாளில் எண்ணிக்கை எழுதிக் கையெழுத்து வாங்காமல் மூட்டையைத் தூக்கிவிடாதீர்கள். "எடுக்கப்பட்டது" என்ற ஸ்கேன் விழும் முன் காணாமல்போன பார்சலுக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள்தான்.

வரி

கூரியருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. 2022 ஜூலை 18 முதல் அஞ்சல் துறையின் பெரும்பாலான சேவைகளுக்கும் வரி உண்டு. அஞ்சலட்டை, இன்லேண்ட் லெட்டர், புக் போஸ்ட், 10 கிராமுக்குக் கீழான சாதாரண உறை ஆகியவைதான் விலக்கு. நீங்கள் வழக்கமான ஜிஎஸ்டி பதிவில் இருந்தால், உங்கள் எண் போட்ட பில்லின் மேல் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் முடியாது. அதனால் ஒப்பிடும்போது பதிவுள்ள கடை வரியில்லா விலையையும், மற்றவர்கள் வரியோடு சேர்ந்த விலையையும் பாருங்கள்.

தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்க 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது பலருக்குத் தெரியும். சொந்த இணையதளத்தில் விற்று பெங்களூருக்கு ஒரு பார்சல் அனுப்பினாலும், மாநிலம் தாண்டிய விற்பனை என்பதால் பதிவு வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. குறிப்பிட்ட கைவினைப் பொருட்களுக்கு மட்டும் வரம்போடு விலக்கு உண்டு. கணக்கு திறக்கும் தளம் ஆதாரை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதால் இந்தக் கடமை போய்விடாது.

முடிவெடுக்கும் முறை

உங்கள் 60 பார்சல் பட்டியலுக்குப் பக்கத்தில் மூன்று பத்தி சேர்த்து, ஒவ்வொரு வரிக்கும் மூன்று கணக்குகளின் விலையைப் போடுங்கள். கன அளவு எடை, சிஓடி, திரும்பும் செலவு எல்லாம் சேர்த்து, சேர்ந்த பார்சலால் வகுங்கள். ஒரு மாலை நேர வேலை. ஒரே கணக்கு எல்லா வரியிலும் ஜெயிப்பது அபூர்வம். மாநிலத்துக்குள் கிளைக் கூரியர், கிராமத்துக்கும் ராணுவத்துக்கும் அஞ்சல், வடக்குக்கும் சிஓடிக்கும் இடைத்தளம் என்று பிரிவதே வழக்கம். சிறு கடைக்கு இரண்டு போதும். மூன்றாவது வந்தால் எந்தப் பார்சல் எதில் போனது என்று தேடுவதே வேலையாகிவிடும்.

முதல் இரண்டு வாரம் வாலட்டில் 1,000 ரூபாய்க்கு மேல் போடாமல், வெவ்வேறு பின்கோடுகளுக்கு 20 முன்பண ஆர்டர்களை மட்டும் அனுப்பிப் பாருங்கள். பிக்கப் சொன்ன நாளில் வந்ததா, பில் எடை உங்கள் தராசோடு ஒத்துப்போகிறதா, புகார் போட்டால் எத்தனை மணி நேரத்தில் மனிதர் பதில் சொல்கிறார்? மூன்றாவதைச் சோதிக்கச் சிக்கல் வரும் வரை காத்திருக்காமல், ஏதாவது ஒரு பார்சலின் நிலவரம் கேட்டு ஒரு புகாரைப் போட்டே பார்த்துவிடுங்கள். தீபாவளி, பொங்கல் நெருங்கும்போது புதுக் கணக்கு தொடங்காதீர்கள். அந்தச் சமயத்தில் பிக்கப் வண்டி பழைய வாடிக்கையாளருக்கே பத்தாது. ஆடித் தள்ளுபடியிலேயே சோதனையை முடித்துக்கொள்வது நல்லது.

ஒத்துவராத கணக்கை விட்டு வெளியே வரும்போது, கடைசி சிஓடி பணமும் கடைசி எடை வித்தியாசக் கழிவும் முடியும் வரை வாலட்டைத் தொடாதீர்கள். அதன்பின் மீதியைத் திரும்பக் கேட்டு எழுதுங்கள். கிளைக் கூரியரிடம் எழுதாத ஸ்லிப் புத்தகத்தையும், அஞ்சலகத்தில் பயன்படுத்தாத பார்கோடு ஸ்டிக்கர்களையும் எண்ணிக்கை எழுதித் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். உங்கள் பெயரில் இருக்கும் ஸ்லிப்பில் வேறு யாரோ அனுப்பிய பார்சலின் பில்லும் உங்களுக்குத்தான் வரும்.